வானியல் பாடத்துக்குக் கோளரங்கமா, தொலைநோக்கியா, பள்ளித் திடலா?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, அதைப் பிள்ளைகளின் அறிவியலுக்குச் செலவிடலாம், வானியல் என்றால் எல்லாருக்கும் பிடிக்கும் என்ற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டால், அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘பேருந்து எத்தனை வேண்டும்?’ என்பதாகத்தான் இருக்கும். இல்லையென்றால் யாராவது ஒருவர் கைப்பேசியில் ஒரு தொலைநோக்கியின் படத்தைக் காட்டுவார். கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் இந்த இரண்டு யோசனைகளும் நல்ல மனத்தோடுதான் எழுகின்றன. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் புரிவதும் புரியாததும். அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளோடு எல்லா வழிகளிலும் நடந்து பார்த்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. முதலில் திடல், அப்புறம் தொலைநோக்கி, கடைசியில் கோளரங்கம். இதைத் தலைகீழாகச் செய்கிற பள்ளிகள்தான் அதிகம் என்பதால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் வானியல் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மூன்றாம் ஆண்டில் சூரியக் குடும்பம், ஐந்தாம் ஆண்டில் நிலவின் பிறைகளும் விண்மீன் கூட்டங்களும், ஆறாம் ஆண்டில் கிரகணம். எட்டுக் கோள்களின் பெயரையும் வரிசை மாறாமல் சொல்லாத பிள்ளை இல்லை. அதே பிள்ளையிடம் ‘நிலா ஏன் தேய்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பூமியின் நிழல் மறைக்கிறது’ என்று பதில் வரும். பெரியவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான். கிரகணத்தையும் பிறையையும் குழப்பிக்கொள்ளும் இந்த நினைப்பு மிகவும் பிடிவாதமானது. புத்தகத்துப் படம் அதை அசைப்பதில்லை. எந்த வழி நல்லது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அந்த நினைப்பைப் பிள்ளை தானாகவே கைவிடும்படி செய்கிறதா, இல்லையா?

கோளரங்கத்தில் தொடங்குவோம். ஏரிப் பூங்கா மேட்டில் நீலக் கூரையோடு நிற்கும் தேசிய கோளரங்கம் 1990களின் முற்பாதியிலிருந்து இருக்கிறது. இந்தத் தலைநகரில் படித்த பலர் பள்ளிச் சீருடையில் ஒரு முறையாவது அதன் படிகளில் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இருட்டில் சாய்ந்து உட்கார்ந்ததும் தலைக்கு மேல் விண்மீன்கள் பூத்து வருவது யாருக்கும் சிலிர்ப்பைத் தரும். நகர விளக்குகளின் கீழ் வளரும் பிள்ளைக்கு, வானத்தில் இத்தனை விண்மீன்கள் உண்டு என்பதே அங்கேதான் தெரிகிறது. வெளியே பழங்கால வான்நோக்கு நிலையங்களின் சிறு மாதிரிகளும் உண்டு. அவற்றின் அருகே நின்று பேச ஆசிரியர்கள் ஒரு பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் அவற்றைக் கடந்து ஓடிவிடுகிறார்கள்.

குறை எங்கே என்றால், அங்கே வானம் ஆசிரியரின் கையில் இல்லை. படம் ஓடுகிறது, முடிகிறது. நடுவில் ஒரு பிள்ளைக்குக் கேள்வி வந்தால் இருட்டில் அதை யாரிடம் கேட்பது? முன்பே ஏதாவது பார்த்துக் குறித்து வைத்திருக்கும் பிள்ளை அங்கே போனால் ‘ஓ, நான் பார்த்தது இதுதானா!’ என்கிறது. எதுவும் பார்க்காமல் போன பிள்ளை திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் பேருந்து, சாப்பாடு, நினைவுப்பொருள் கடை மூன்றும் விவரமாக இருக்கும். கோள்கள் ஒரு வரியில் முடிந்துவிடும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. மாட்டிவைக்க ஒரு கொக்கி இல்லாமல் அறிவு நிற்பதில்லை.

அந்தக் கொக்கியைத் தருவது பள்ளித் திடல். ஒரு மீட்டர் நீளக் குச்சி, சமதளமான சிமெண்டுத் தரை, சுண்ணக்கட்டி, அளவு நாடா, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய ஒரு கல். இவ்வளவுதான் செலவு. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பகல் பன்னிரண்டு இல்லை; ஏறக்குறைய ஒன்றேகால். நம் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ 101.7 பாகையில். அந்த வித்தியாசம்தான் இந்த ஒன்றேகால் மணிநேரம். காலைப்பள்ளி முடிகிற நேரத்தை ஒட்டி வருவது நமக்கு வசதி. பிள்ளைகள் பன்னிரண்டரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வரட்டும். நிழல் குறுகிக் குறுகி வந்து, ஓர் இடத்தில் மறுபடி நீளத் தொடங்கும். மிகக் குறுகிய நிழல் காட்டும் திசைதான் சரியான வடக்கு–தெற்கு. திசைகாட்டி தேவையில்லை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டில் எழுதிய புத்தகங்கள் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும் என்று எழுதிவிட்டுப் போகும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகையில் இருக்கிறது. ஜூன் 21 அன்று நம் சூரியன் வடக்கே நிற்கிறது. மீட்டர்க் குச்சியின் நிழல் தெற்கே 37 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 22 அன்று நிழல் வடக்கே திரும்பி, அரை மீட்டருக்கு நீளும். இடையில் மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 14 வாக்கிலும் உச்சிவேளையில் நிழலே இருக்காது. அன்றைக்குப் பிள்ளைகளைத் திடலில் நிறுத்தி, அவரவர் நிழலைத் தேடச் சொல்லுங்கள். காலடிக்குள் சுருண்டு கிடக்கும் நிழலை அவர்கள் குனிந்து பார்ப்பதைக் காணவே ஆசையாக இருக்கும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது என்ற வரியை மனப்பாடம் செய்வதற்கும், அந்தச் சாய்வு சுண்ணக்கட்டிப் புள்ளிகளாகத் தரையில் மாதாமாதம் நகர்வதைப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

இன்னொரு படி போகலாம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுன் நம்மைவிட 2.3 பாகை அளவு வடக்கே இருக்கிறது. வடக்கு–தெற்காக மட்டும் அளந்தால் சுமார் 250 கிலோமீட்டர். ஜூன் 21 அன்று அங்கே அதே மீட்டர்க் குச்சியின் நிழல் ஏறக்குறைய 32 அல்லது 33 சென்டிமீட்டர்தான். அவர்களுடைய உச்சிவேளை நமக்கு ஐந்து நிமிடம் பிந்தி, ஒன்று இருபது வாக்கில் வரும். அவரவர் தங்கள் உச்சிவேளையில் அளக்க வேண்டும். இரண்டு நிழல்களையும் கோணமாக்கி, வித்தியாசத்தை எடுத்து, அத்தனை பாகைக்கு 250 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்த அதே வேலை. சரியான விடை சுமார் 40,000 கிலோமீட்டர். அரை சென்டிமீட்டர் பிசகினாலே விடை பத்து விழுக்காடு விலகும், அதுவும் நல்லதுதான். அளவு என்றால் என்ன, பிழை என்றால் என்ன என்பதை ஆறாம் ஆண்டுப் பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்கிறது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் பொதுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு ஆறாம் ஆண்டில் இதற்கெல்லாம் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது.

நிலா இன்னும் எளிது. இரவில்தான் நிலாவைப் பார்க்க முடியும் என்று நினைத்துப் பலர் இந்தப் பாடத்தைப் படத்தோடு முடித்துவிடுகிறார்கள். பௌர்ணமி கழிந்த ஒரு வாரத்தில், மேகம் இல்லாவிட்டால், காலைச் சபைகூடல் நேரத்தில் நிலா வானத்திலேயே இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் மேற்கே அடிவானத்துக்கு அருகில் நிற்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே ஏறி, கொஞ்சம் தேய்ந்து, வாரக் கடைசியில் உச்சிக்கு வரும்போது பாதியாகியிருக்கும். வளர்பிறைப் பாதி நிலாவோ, மாலைப் புறப்பாட நடவடிக்கையின் போது கிழக்கே தெரியும். பிள்ளைகள் வரைய வேண்டியது மூன்று: நிலாவின் வடிவம், அது நிற்கும் திசை, அப்போது சூரியன் இருக்கும் பக்கம். இரண்டு வாரம் வரைந்தால் போதும். நிலாவின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். சூரியனும் பாதி நிலாவும் ஒரே வானத்தில் எதிர் எதிரே இல்லாமல் நிற்கும்போது பூமியின் நிழல் நடுவில் எப்படி வரும் என்ற கேள்வியை அப்போது போட்டால், பழைய நினைப்பு தானாகவே கழன்றுவிடும்.

நம் நாட்டில் இந்தப் பாடத்துக்குத் துணையாக ஒரு வருடத்துப் பண்டிகைகள் இருக்கின்றன. தைப்பூசம் முழுநிலவில், அதற்கு முந்தைய இரவு வெள்ளி ரதத்தோடு பத்துமலைக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு நிலா சாயங்காலம் கிழக்கே எழுவதும் நள்ளிரவு தாண்டி உச்சிக்கு வருவதும் வழி நெடுகத் தெரியும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீனப் புத்தாண்டும் அமாவாசைதான். நிலா அப்பம் தின்னும் விழா முழுநிலவு. நோன்புப் பெருநாள் புதுப்பிறை. நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே தாமானில் (குடியிருப்பில்) ஒரே நிலாவைப் பார்த்து வளர்கிறார்கள். வகுப்பு நாட்காட்டியில் இந்தப் பண்டிகைகளைக் குறித்து, அந்தந்த நாளில் நிலா எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னால் அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கும். நம் வானத்தில் அது பெரும்பாலும் படகுபோல் மல்லாந்திருக்கும். புத்தகமும் தவறில்லை, பிள்ளையின் கண்ணும் தவறில்லை, இடம்தான் வேறு.

அதற்குப் பிறகு வகுப்பறையை இருட்டாக்கி நடுவில் ஒரு மின்விளக்கு. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பென்சில் முனையில் ஒட்டிய ஒரு பிங்பாங் பந்து. விளக்கு சூரியன், பந்து நிலா, தன் தலைதான் பூமி. பந்தைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்து இடப்பக்கமாக மெல்லச் சுற்றினால் பிறை வளர்ந்து முழுநிலவாகித் தேய்வதைப் பிள்ளை தன் கையிலேயே பார்க்கிறது. பந்தைத் தாழ்த்தித் தலையின் நிழலுக்குள் கொண்டுவந்தால் சந்திரகிரகணம். விளக்கை மறைத்தால் சூரியகிரகணம். மாதாமாதம் ஏன் கிரகணம் வரவில்லை என்று கேட்கும் பிள்ளைக்கு, நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதைப் பந்தைத் தூக்கிக் காட்டியே சொல்லிவிடலாம். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரியகிரகணத்தின் பாதை தமிழ்நாட்டைத் தொட்டு ஜொகூரின் தென்முனை வழியாகப் போனது. கோலாலம்பூரில் பகுதி கிரகணம். அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21 அன்று தென்னிந்தியா, இலங்கை, மலேசியா வழியாக வரப்போகிறது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்க்கப் போகிறவர்கள், காரணம் தெரிந்து பார்க்கட்டும்.

அளவும் தூரமும் தனியாக ஒரு பாடம். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலா. விகிதம் அநேகமாகச் சரியாகவே பொருந்துகிறது. இரண்டையும் எவ்வளவு தள்ளி வைப்பது என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு முழம், இரண்டு முழம் என்பார்கள். உண்மையில் 7 மீட்டர், வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு. சூரியனோ 26 மீட்டர் அகலம், இரண்டேமுக்கால் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். வகுப்பு பிரிக்பீல்ட்ஸில் நடந்தால் சூரியன் மஸ்ஜிட் ஜாமேக்கையும் தாண்டிப் போய்விடும். புத்தகங்களும் காணொளிகளும் எட்டுக் கோள்களையும் ஒரு கோட்டில் நெருக்கி அடுக்குவதால் வரும் குழப்பத்தை வேறு எதுவும் இவ்வளவு வேகமாகத் தீர்ப்பதில்லை.

கோள்களை இடங்களாக நினைக்க வைக்க எனக்கு மிகவும் பிடித்தது மாவுத் தட்டுச் சோதனை. அகலமான தட்டில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கோதுமை மாவு, மேலே மெல்லிய படலமாக மைலோ தூள். கோலியை வெவ்வேறு உயரத்திலிருந்து போட வேண்டும். குழி விழும், விளிம்பு மேடாகும், அடியிலிருந்த வெள்ளை மாவு பழுப்பின் மேல் கதிர் கதிராகத் தெறிக்கும். உயரம் கூடக் கூடக் குழி பெரிதாவதை அளந்து எழுதலாம். அதே வெள்ளைக் கதிர்கள்தான் நிலாவில் டைகோ பள்ளத்தைச் சுற்றி இருக்கின்றன. முழுநிலவன்று சாதாரண பைனாகுலரிலேயே தெரியும். வெள்ளிக்கு வேறு வழி. சூரியனுக்கு அருகில் இருப்பது புதன், ஆனால் அதிகச் சூடு வெள்ளியில், ஏறக்குறைய 465 பாகை செல்சியஸ். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்து பழகிய பிள்ளைக்கு, கரியமில வாயுப் போர்வை வெப்பத்தை வெளியே விடாது என்பதை ஒரு நிமிடத்தில் புரியவைக்கலாம்.

சரி, தொலைநோக்கி. வாங்குவதென்றால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பெட்டியில் ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சடித்த, ஒல்லிக்கால் தாங்கியோடு வரும் சில நூறு ரிங்கிட் பொம்மைகளை வாங்காதீர்கள். தொட்டால் ஆடும், படம் தெளியாது, பிள்ளைகளுக்கு ஆசையே போய்விடும். அந்தப் பணத்துக்கு 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன்வில்லை உள்ளது) இரண்டு வாங்குவது மேல். சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் நிலாப் பள்ளங்களும், 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். அதிகமாகச் செலவிட முடிந்தால் 6 அங்குல டாப்சோனியன், அதாவது எளிய சுழல்தாங்கியில் உட்காரும் கண்ணாடித் தொலைநோக்கி. ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், ஆனால் பல ஆண்டு உழைக்கும். சொந்தமாகத் தாங்கி உண்டு, மின்சாரம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் அமைத்துவிடலாம். நகர வெளிச்சம் கோள்களையும் நிலாவையும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதனால் பள்ளித் திடலிலிருந்தே பார்க்கலாம்.

அந்த டாப்சோனியனில் 48 மடங்கில் சனியை வைத்தால் வளையம் தனியாகத் தெரிகிறது. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பைக் காட்டிக் கோடாகிவிட்டிருந்தது. இனி 2032 வரை ஆண்டுக்கு ஆண்டு விரியும். கண்ணை வைத்த பிள்ளை ‘ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா சார்?’ என்று கேட்கும். நடுவில் வைத்த சனி இரண்டே நிமிடத்தில் விளிம்புக்கு நழுவிவிடும். அப்போது குழாயைத் தள்ளுவதற்கு முன் ஒரு கேள்வி: நகர்வது சனியா, நாமா? பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியாது. நிலாவைக் காட்ட முழுநிலவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதி நிலாவில், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்களின் நிழல் ஆழமாக விழும்.

தொலைநோக்கியின் பெரிய எதிரி நம் வானிலை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் சாயங்கால இடிமழை வழக்கம். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேரும். பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் வாய்ப்பு கூடுதல். பெற்றோர் அழைத்து வந்து அழைத்துப் போக வேண்டும், காவலாளி இருக்க வேண்டும், மறுநாள் பள்ளி இருக்கக் கூடாது. இத்தனையும் கூடி வந்து வானம் மூடிக்கொண்டால் மாற்றுத் தேதி கையில் இருக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் கண்ணாடி வில்லையில் பூஞ்சை படியும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டே வீணாகும். பகலில் ஆசிரியர் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பினால் ஒரு கணத்தில் கண் போய்விடும். இவ்வளவையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் முன்வந்தால் மட்டும் வாங்குங்கள். ஆள் இல்லாத பள்ளியில் அது அலமாரிக்குள்தான் கிடக்கும்.

கணினி வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசம், கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும், ஒரு புரொஜெக்டர் போதும். ஊரைக் கோலாலம்பூர் என்று மறக்காமல் அமைத்துக்கொள்ளுங்கள். திடலில் அளந்ததைச் சரிபார்க்கவும், இன்று இரவு எது எங்கே தெரியும் என்று திட்டமிடவும் இது மிக நல்ல துணை. மே மாத இரவு எட்டரைக்கு வடக்கே சப்தரிஷியும் தெற்கே தென்சிலுவையும் ஒரே வானத்தில் நிற்பதைத் திரையில் காட்டி, அன்று இரவே வாசலில் தேடச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிகிற ஊர் நம்முடையது. துருவ விண்மீன் மட்டும் அடிவானத்திலிருந்து 3 பாகைதான், கட்டடங்களைத் தாண்டித் தெரியாது. ஆனால் திரையை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் அதுவும் இன்னொரு காணொளியாகிவிடும். பள்ளிக்கே வந்து காற்றடைத்த கூடாரத்துக்குள் படம் காட்டும் சேவைகளுக்கும் இதே கருத்துதான்.

ஆக, பணம் குறைவாக இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். குச்சியும் பந்துகளும் மாவும் ஓர் ஆண்டுக்குப் போதும். நடுத்தரமாக இருந்தால் பைனாகுலர் இரண்டு. தொலைநோக்கியும் சுற்றுலாவும் இரண்டுமே முடியும் என்றால், கோளரங்கப் பயணத்தை ஆண்டின் கடைசித் தவணைக்குத் தள்ளி வையுங்கள். போவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலாக் குறிப்பேட்டிலிருந்து விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொள்ளட்டும். முன்பதிவு செய்யும்போதே, காட்சி முடிந்ததும் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்க முடியாது என்றால், வெளியே அந்த வான்நோக்கு நிலைய மாதிரிகளின் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து, ஆசிரியரே அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம்.